எந்த ஊர், எந்த வருஷம், எந்த ஸ்கேல்?

பிரிட்டிஷ் ரயில்களை மாதிரியாகச் செய்து ஓட்டும் பொழுதுபோக்கில் இறங்குகிறவர்கள் கடைக்காரரிடம் முதலில் கேட்பது, "எந்த ஸ்கேல் வாங்கலாம்?" என்றுதான். அவரும் ஏதாவது ஒன்றைக் கைகாட்டிவிடுவார். எஞ்சினை வாங்கி, தண்டவாளத்தை வட்டமாகப் போட்டு, நாலு நாள் சுற்றவிட்டால் சலிப்புத் தட்டிவிடும். எந்த ஊர், எந்த வருஷம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள் என்பதே என் யோசனை. ஸ்கேல், செலவு, படிக்கவேண்டிய புத்தகம் எல்லாம் அதன் பின்னால் வரும். இருந்தாலும் எல்லோரும் ஸ்கேலைத்தான் முதலில் கேட்கிறார்கள். அதையே முதலில் முடித்துவிடுவோம்.

பிரிட்டிஷ் ரயில்வேயின் மார்க்-1 பயணிகள் பெட்டி 64 அடி 6 அங்குல நீளம். ஓ கேஜில் (1:43.5) அது 45 செ.மீ. ஆகும். ஓஓவில் (1:76) 26, டிடி:120-இல் 16, என் கேஜில் (1:148) 13. இப்படி நாலு பெட்டி கோத்து, முன்னால் மல்லார்ட் போன்ற ஒரு ஏ4 எக்ஸ்பிரஸ் எஞ்சினை மாட்டினால், ஓ கேஜில் வண்டி மட்டுமே 2.3 மீட்டரை எட்டும். ஓஓவில் 1.3 மீட்டர், என் கேஜில் 68 செ.மீ. வண்டி நிற்பதற்கே இவ்வளவு இடம் என்றால் திரும்புவதற்கு இன்னும் வேண்டும். ஓ கேஜில் பெரிய எஞ்சின் நிம்மதியாகத் திரும்ப ஆறடி ஆரம் வேண்டும். அதாவது முழு வட்டம் போட்டால் அறை முழுவதும் போய்விடும். ஓஓவில் 438 மி.மீ. ஆரத்திலேயே பெரும்பாலான எஞ்சின்கள் திரும்பிவிடும்.

ஓஓவில் ஒரு குறை உண்டு. உண்மையான தண்டவாள அகலம் 1435 மி.மீ. அதை 76-ஆல் (துல்லியமாகச் சொன்னால் 76.2-ஆல்) வகுத்தால் ஏறக்குறைய 18.83 மி.மீ. வர வேண்டும். ஓஓ தண்டவாளமோ 16.5 மி.மீ.தான். அது ஐரோப்பியர்களின் எச்ஓ ஸ்கேலுக்கு (1:87) உரிய அகலம். பிரிட்டிஷ் பாலங்களும் சுரங்கப்பாதைகளும் குறுகல் என்பதால் அந்நாட்டு எஞ்சின்களும் சின்னவை. 1920-களின் மோட்டார்கள் எச்ஓ அளவு பிரிட்டிஷ் எஞ்சினுக்குள் நுழையவில்லை. தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டு எஞ்சின் உடலை மட்டும் பெரிதாக்கினார்கள். 1938-இல் ஹார்ன்பி டப்ளோ என்ற மாதிரி ரயில் வரிசை இதே அளவில் வந்ததும் அதுவே நிலைத்துவிட்டது. பக்கவாட்டில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பிளாட்பார முனையில் கண்ணை வைத்து எதிரே வரும் எஞ்சினைப் பார்த்தால், வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடக்கிறவர் போல கால் ஒடுங்கித் தெரியும்.

இது கண்ணை உறுத்துகிறவர்களுக்கு இரண்டு மாற்று வழி இருக்கிறது. இஎம் என்பது 18.2 மி.மீ., பி4 என்பது சரியாக 18.83 மி.மீ. உடலளவு ஓஓவேதான், சக்கரத்தை மாற்றவேண்டும், தண்டவாளத்தில் பாதியையாவது கையால் கட்டவேண்டும். பி4-இல் பலகை கொஞ்சம் முறுக்கிக்கொண்டாலும் வண்டி தடம்புரளும். செய்வதில் சுகம் காண்கிறவருக்கு அது சொர்க்கம். ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவருக்குப் பெரிய தலைவலி. பல பி4 பாதைகள் பத்து வருஷமாக முடியாமலே கிடப்பதற்குக் காரணம் சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. கட்டி முடித்துவிட்டால் பிறகு என்ன செய்வது என்ற பயம்தான்!

என் கேஜை இடம் இல்லாதவர்களின் கேஜ் என்று பலர் ஒதுக்குகிறார்கள். அது அநியாயம். ஊரும் மலையும் வானமும் பெரிதாக இருக்க, நடுவே ஒரு நீண்ட ரயில் ஊர்ந்து போவதைக் காட்ட இதைவிட்டால் வேறு வழி கிடையாது. லண்டன் கிங்ஸ் கிராஸ் வட்டாரத்தைக் காட்டும் 'கோப்பன்ஹேகன் ஃபீல்ட்ஸ்' என்ற மாதிரியை, 1910-இல் தொடங்கிய மாடல் ரெயில்வே கிளப் இதற்கு மிக நெருக்கமான 2 மி.மீ. ஃபைன்ஸ்கேலில்தான் கட்டியிருக்கிறது. வீடுகளின் கூரைக் கடலுக்கு நடுவே ரயில் போகும். ஓஓவில் அதைக் கட்ட ஒரு கல்யாண மண்டபம் பிடிக்க வேண்டியிருக்கும். எடை குறைந்த எஞ்சின், சக்கரத்தில் சிறு தூசி பட்டாலும் நிற்பது, கொக்கி மாட்டக் கண் வலிப்பது, இவை அதன் தொல்லைகள். ஓ கேஜ் இதற்கு நேர் எதிர். ஒரே ஒரு டாங்க் எஞ்சின், ஆறு வேகன், ஒரு சின்ன கூட்ஸ் யார்டு என்று திருப்திப்படுகிறவருக்கு அதன் கனமும் ஓட்டமும் வேறெதிலும் கிடைக்காது.

டிடி:120-ஐ ஹார்ன்பி 2022-இல் கொண்டுவந்தது. 12 மி.மீ. தண்டவாளம் 1:120-க்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது, இடமும் குறைவு. ஆனால் ஓஓவோடு ஒப்பிட்டால் எஞ்சின் வகை சொற்பம், பழைய சாமான் சந்தை இன்னும் வளரவில்லை. பிரபலமான நெடுந்தூர எக்ஸ்பிரஸ்கள் மட்டும் போதும் என்றால் வாங்கலாம். ஏதோ ஒரு குக்கிராமக் கிளைப்பாதையை அப்படியே செய்ய நினைக்கிறவர் காத்திருப்பது நல்லது.

இனி வருஷம். 1923 ஜனவரி முதல் தேதி நூற்றுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் நாலு பெரிய கம்பெனிகளாக இணைந்தன: ஜிடபிள்யூஆர், எல்எம்எஸ், எல்என்இஆர், சதர்ன். 1948 ஜனவரி முதல் தேதி நான்கும் அரசுடைமையாகி பிரிட்டிஷ் ரெயில்வேஸ் ஆயின. 1960-இல் கடைசி நீராவி எஞ்சினைக் கட்டினார்கள். 1968 ஆகஸ்ட் 11-ஆம் தேதியோடு முதன்மைப் பாதைகளில் அவர்களது ஸ்டாண்டர்ட் கேஜ் நீராவிக் காலம் முடிந்தது. 1923-க்கு முன்னால் போனால் நிறமும் அலங்காரமும் கொள்ளை அழகு, ஆனால் கடையில் கிடைப்பது கொஞ்சம்தான். மிச்சத்தைத் தகடு வெட்டி நீங்களே செய்யவேண்டும். 1955-லிருந்து 1965 வரை நீராவியும் டீசலும் ஒரே பிளாட்பாரத்தில் நிற்கும். எதையும் விட மனசு வராதவர்கள் இங்கேதான் வந்து சேர்கிறார்கள். கடைகளில் சரக்கும் அதற்குத்தான் அதிகம். எலக்ட்ரிக் ரயில் பிடிக்கும் என்றால் சதர்ன் பக்கம் போங்கள். லண்டன்-பிரைட்டன் பாதை 1933-லேயே மின்மயமாகிவிட்டது.

வருஷத்தை இவ்வளவு குறுக்கவேண்டுமா என்று கேட்பவர்களுக்கு 'ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்' எஞ்சினையே எடுத்துக்காட்டுவேன். 1923-இல் டான்காஸ்டரில் பிறந்தபோது அதன் எண் 1472. அடுத்த வருஷம் 4472. 1946-இல் முதலில் 502, பிறகு 103. 1948 கடைசியில் 60103. 1947-இல் ஏ1 வகுப்பிலிருந்து ஏ3 ஆனது. ஆப்பிள் பச்சை, யுத்தகாலக் கறுப்பு, மறுபடி பச்சை, நீலம், கரும்பச்சை என்று சட்டை மாற்றிக்கொண்டே இருந்தது. 1959-இல் இரட்டைப் புகைபோக்கி வந்தது. 1961 டிசம்பரில் புகையை மேலே தள்ளும் பக்கத் தகடுகள் வந்தன. 1963 ஜனவரியில் பணியிலிருந்து விலகியது. 2016-இல் பழுதுபார்த்து வெளியே வந்து இன்று ஜனங்கள் மொய்க்கும் எஞ்சின் கரும்பச்சை, 60103, இரட்டைப் புகைபோக்கி, பக்கத் தகடு ஆகிய கோலத்தில் இருக்கிறது. அந்தக் கோலத்தில் அது உண்மையாக வேலை பார்த்தது பதின்மூன்று மாதம்தான். 1955-ஆம் வருஷத்து ஸ்டேஷனில் அதை நிறுத்தினால் விவரம் தெரிந்தவர் சிரித்துவிடுவார்.

இதனால்தான் ஆராய்ச்சிக்கு மியூசியத்தில் நிற்கும் எஞ்சினை நான் கடைசியில் வைக்கிறேன். அளவெடுக்க, குழாய் எங்கே போகிறது என்று பார்க்க அது உதவும்; நிறத்துக்கும் தேதிக்கும் உதவாது. தேதி போட்ட புகைப்படம்தான் முதல் சாட்சி. அதிலும் இரண்டு கண்ணி இருக்கிறது. பழைய படத்தட்டுகள் சிவப்பு ஒளியை உணராதவை. மிட்லண்ட் கம்பெனியின் செஞ்சிவப்பு எஞ்சின் படத்தில் கறுப்பாக விழும். தொழிற்சாலை எடுத்த அதிகாரபூர்வப் படங்களிலோ, கோடுகள் தெளிவாகத் தெரியவேண்டும் என்று படத்துக்காகவே சாம்பல் பெயின்ட் அடித்திருப்பார்கள். அந்தச் சாம்பலில் எஞ்சின் ஒருநாளும் ஓடியதில்லை.

வரைபடங்கள் யார்க் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் கிடைக்கும். 1948-க்கு முந்தைய கம்பெனிகளின் காகிதங்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. 1950-இல் தொடங்கிய ஹிஸ்டாரிக்கல் மாடல் ரெயில்வே சொசைட்டியில் சேர்ந்தால் வேகன், பெட்டி விவரங்களுக்கு அலைய வேண்டாம். வரைபடத்தை மட்டும் நம்பி உட்காரவும் கூடாது. கட்ட நினைத்ததை அது சொல்லும், கட்டியதைப் படம் சொல்லும். ஸ்டேஷன் அமைப்புக்கு 1:2500 ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடம் போதும். ஒவ்வொரு தண்டவாளமும் அதில் தெரியும். அதோடு ஊழியர்களுக்காக அச்சிட்ட வேலைநேர அட்டவணை ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம். பயணிகள் அட்டவணையில் இல்லாத கூட்ஸ் வண்டி, காலிப் பெட்டி, தனி எஞ்சின் எல்லாம் அதில் நிமிஷக் கணக்கோடு இருக்கும்.

உண்மையான ஊரா, கற்பனை ஊரா? 300 மீட்டர் நீளமுள்ள ஒரு சின்ன ஸ்டேஷன் ஓஓவில் கிட்டத்தட்ட நாலு மீட்டர் பிடிக்கும், என் கேஜில் இரண்டு மீட்டர். எனவே ஓஓகாரர்கள் பெரும்பாலும் கற்பனைக்குத்தான் போகிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தாமஸ் கதைகளை எழுதிய ரெவரெண்ட் ஆட்ரியே தன் சோடர் தீவின் ஃபார்க்கர் ஸ்டேஷனைக் கட்டிக் கண்காட்சிகளில் ஓட்டியவர். நகரத்து முனையம் வேண்டுமென்றால் சி. ஜே. ஃப்ரீசர் 1957-இல் வரைந்த 'மினரீஸ்' திட்டத்தைப் பாருங்கள். மூன்றே பிளாட்பாரம், மேடைக்குப் பின்னால் வண்டிகள் ஒளிந்து நிற்க ஒரு ஃபிடில் யார்டு, ஓட்டம் ஓயாது. கற்பனை ஊருக்கும் பக்கத்து உண்மை ஊரின் சட்டம் பொருந்தும். சுரங்க முதலாளி பெயர் எழுதிய நிலக்கரி வேகனை அழகுக்காக வாங்காதீர்கள். அந்தச் சுரங்கத்துக் கரி உங்கள் ஊருக்கு வந்திருக்குமா என்று பாருங்கள். 1939-இல் யுத்தம் தொடங்கியதும் அவை பொது உபயோகத்துக்குப் போய் நாடெங்கும் கலந்துவிட்டன என்பதால், அதற்குப் பிந்தைய வருஷத்தை எடுத்தவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

ரயிலை ஓட்டும் மின்கட்டுப்பாடு டிசியா (சாதாரணம்) டிசிசியா (டிஜிட்டல்) என்பதில் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஒரே எஞ்சின் என்றால் பழைய டிசி போதும். இரண்டு மூன்று எஞ்சினை ஒரே யார்டில் தனித்தனியாக நகர்த்தவோ சத்தம் கேட்கவோ ஆசை இருந்தால் ஆரம்பத்திலேயே டிசிசி.

இன்னும் தீர்மானிக்க முடியவில்லை என்றால் என் தேர்வு இது: ஓஓ, ஜிடபிள்யூஆர் கிளைப்பாதை, 1947 கோடை. ஒரு 14xx டாங்க் எஞ்சினும் ஒரு ஆட்டோகோச்சும் வாங்குங்கள். திரும்பும்போது டிரைவர் பெட்டியின் முனையில் உள்ள அறையில் உட்கார்ந்து ஓட்டுவார், எஞ்சின் பின்னால் தள்ளும். எஞ்சினைக் கழற்றிச் சுற்றிக் கொண்டுவரும் வேலை இல்லை. ஓர் எஞ்சின், ஒரு பெட்டி, முழு ரயில் தயார். புதிய ஓஓ எஞ்சின் நூறு பவுண்டைத் தாண்டுவது சகஜம் என்பதால் பழைய சாமான் மேசைகளை ஒருமுறை சுற்றிவந்து வாங்குங்கள். 1947 என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது: இந்த எஞ்சின்கள் 1932-இல் வந்தபோது 48xx என்றே எண் பெற்றன. எண்ணெயில் ஓடும்படி மாற்றிய சரக்கு எஞ்சின்களுக்கு அந்த எண்கள் தேவைப்பட்டதால் 1946-இல்தான் 14xx ஆயின. 1930-களை எடுத்துக்கொள்கிறவர் பெட்டியில் 14xx எண்ணைப் பார்த்தால் கீழே வைத்துவிட்டு 48xx எண் உள்ளதைக் கேட்டு வாங்கவேண்டும்.