சென்சாரை முதலில் நம்புங்கள்

ஃபீல்டு வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். 2020 ஏப்ரலில் லாரிகளுக்கு பிஎஸ் 6 வந்தது. அடுத்த ஆண்டு சக்கரம் வைத்த கட்டுமான இயந்திரங்களுக்கு நான்காம் கட்ட விதி, 2025 ஜனவரியில் ஐந்தாம் கட்டம். வீல் லோடர், கிரேடர் போன்றவற்றின் பெரிய எஞ்சின்களோடு டெஃப் (புகையில் தெளிக்கும் யூரியாக் கரைசல்) டேங்கும் வந்து சேர்ந்தது. 56 கிலோவாட்டுக்குக் கீழே உள்ள பேக்ஹோக்களில் பெரும்பாலும் அது கிடையாது. பேக்ஹோவில் தொழில் பழகியவர்களுக்கு டெஃப் கம்ப்ளைன்ட் முதல்முறை வரும்போது கை ஓடாது. எனக்கும் ஓடவில்லை.

1. சென்சார் சொல்வதை முதலில் நம்புங்கள்.

கரூர் பக்கம் ஒரு கிரஷரில் வீல் லோடர் பவர் குறைந்து நின்றது. டெஃப் தரம் சரியில்லை என்று எரர் கோடு. சென்சார் போய்விட்டது என்று முடிவு கட்டி மாற்றினேன். இரண்டு நாள் ஓடியது, மறுபடி அதே கோடு. இன்னொரு சென்சார் வாங்கிப் போட்டேன். அதுவும் அதையே சொன்னது. லோடர் ஒரு வாரம் நின்றது, டிப்பர்கள் வரிசை கட்டின. கடைசியில்தான் டேங்கிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, ஆடாமல் வைத்துப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் மேலே மஞ்சளாக ஒரு படலம் மிதந்தது. டீசல் ஊற்றும் புனலிலேயே டெஃபையும் ஊற்றி வந்திருக்கிறார்கள். முதல் சென்சார் மாற்றியபோது டேங்கைக் காலி செய்து புது டெஃப் ஊற்றினோம், அதனால்தான் இரண்டு நாள் ஓடியது. அதைப் புது சென்சாரின் வேலை என்று நினைத்துவிட்டேன். கழற்றிப் போட்ட சென்சார்கள் உண்மையைத்தான் சொல்லியிருந்தன. அந்த முதலாளிக்கு நான் வைத்த வீண்செலவு இன்றும் உறுத்துகிறது.

2. ஸ்கேனரை மாட்டும் முன் டேங்க் மூடியைத் திறங்கள்.

டெஃப் என்பது 32.5 சதவீதம் யூரியா, மீதி தாது நீக்கிய நீர். கையடக்க ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்கிப் பையில் வையுங்கள். ஒரு துளி போதும். 31.8-லிருந்து 33.2-க்குள் காட்ட வேண்டும். குறைந்தால் யாரோ தண்ணீர் கலந்திருக்கிறார்கள். கூடினால் நீர் ஆவியாகியிருக்கிறது. ஆனால் இந்தக் கருவி செறிவை மட்டுமே பார்க்கும், டீசல் கலந்ததைக் காட்டிக்கொடுக்காது. அதற்குத்தான் பாட்டில் சோதனை. இரண்டையும் செய்யுங்கள்.

பக்கெட்டில் அச்சிட்ட தேதியையும் பாருங்கள். 25 டிகிரியில் 18 மாதம் தாங்கும் டெஃப், 35 டிகிரியில் ஆறு மாதம்தான் தாங்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் கிடக்கும் பக்கெட்டின் கதியை நீங்களே கணக்குப் போடலாம். உர மூட்டையைக் கரைத்து ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். 2015 முதல் இங்கே உர யூரியா வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. அந்த எண்ணெயும் உரத்தில் உள்ள மற்ற அழுக்கும் நேராக கேட்டலிஸ்ட்டில் போய் உட்காரும்.

ஆப்பரேட்டரிடம், "அண்ணே, கடைசியா எதுல ஊத்துனீங்க?" என்று தன்மையாகக் கேளுங்கள். குற்றம் சாட்டுகிற குரலில் கேட்டால் பதில் கிடைக்காது.

3. டெஃப் டேங்கில் உள்ள சென்சார் எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பழைய டேங்குகளில் மிதவை. இப்போது பலவற்றில் மீயொலி. ஒலி திரவத்துக்குள் எவ்வளவு வேகமாகப் போய்த் திரும்புகிறது என்பதைக் கொண்டு தரத்தையும் மட்டத்தையும் கணக்கிடுகிறது. வெப்பநிலை மாறினால் ஒலியின் வேகமும் மாறும், ஆகவே வெப்பச் சென்சாரும் அதோடு சேர்ந்தே இருக்கும். ஒன்று கெட்டால் மற்றதன் கணக்கும் தப்பும். ஒலிப்பாதையில் காற்றுக்குமிழி நின்றாலும் தரம் கெட்டதாகத்தான் தெரியும். பக்கெட்டை உயரத்திலிருந்து கவிழ்த்து ஊற்றியவுடன் கோடு வந்தது என்றால், குமிழி அடங்கும்வரை பொறுத்திருந்து மறுபடி பாருங்கள்.

4. கோடில் இரண்டு எண் இருக்கும், இரண்டையும் படியுங்கள்.

எஸ்பிஎன் எந்தப் பொருள் என்று சொல்லும். 1761 டேங்க் மட்டம், 3031 டேங்க் வெப்பநிலை, 3364 தரம், 4334 அழுத்தம். எஃப்எம்ஐ என்ன கேடு என்று சொல்லும். 3, 4, 5 வந்தால் மின்சாரக் கோளாறு: வோல்ட் கூடியது, குறைந்தது, வயர் அறுந்தது. 9 அல்லது 19 என்றால் சென்சார் அனுப்பும் செய்தி வரவில்லை, அல்லது கெட்டு வருகிறது. 3364-உடன் 1 அல்லது 18 வந்தால் சென்சாரும் வயரும் வேலை செய்கின்றன, சொல்லும் அளவுதான் குறைவு. அப்போது திரவத்தைப் பாருங்கள்.

5246 வந்தால் அது நோய் இல்லை, தண்டனை. பவரைக் குறைக்கும் கட்டம் தொடங்கிவிட்டது என்பதற்கான அறிவிப்பு அது. அதற்குக் காரணமான வேறொரு கோடு பக்கத்தில் இருக்கும், அதைத் தேடுங்கள்.

5. எழுதி வைக்காமல் கோடை அழிக்காதீர்கள். எத்தனை மணியில் வந்தது, எத்தனை முறை வந்தது என்பதெல்லாம் அதோடு போய்விடும்.

6. கப்ளரைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள்.

டெஃபுக்குச் செம்பு ஆகாது. கசிந்த டெஃப் வயரின் இழைகளுக்குள் ஏறி, இன்ஸுலேஷனுக்கு உள்ளேயே தள்ளிப் போய், கசிவுக்குச் சம்பந்தமே இல்லாத கப்ளரில் பச்சை பூத்து நிற்கும். வெள்ளை உப்பு எங்கே தெரிந்தாலும் அது டெஃப் வந்துபோன தடம். அதை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டாதீர்கள். வெதுவெதுப்பான சுத்த நீரில் கரையும். பின் பச்சையாகியிருந்தால் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டாதீர்கள், அரிப்பு உள்ளே தொடரும். நல்ல வயர் வரும்வரை வெட்டி, புது டெர்மினல் போடுங்கள். மீட்டரின் தடித்த முனையைப் பெண் பின்னுக்குள் குத்தினால் பின் விரியும். அடுத்த மாதம் அதே இயந்திரத்துக்கு உங்களையே கூப்பிடுவார்கள்.

7. சென்சாருக்கு வரும் சப்ளையும் எர்த்தும் சரியாக இருந்து, பேச்சு மட்டும் இல்லை என்றால் கேன் பஸ்ஸைப் பாருங்கள். பேட்டரியை அணைத்துவிட்டு இரண்டு லைனுக்கும் நடுவே ஓம் அளந்தால் 60 அளவில் வர வேண்டும். இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் அந்தக் கணக்கு. 120 காட்டினால் ஒரு பக்கம் விட்டிருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் இரண்டும் உரசுகின்றன. அளக்கும்போதே வயர்க்கட்டை அசைத்துப் பாருங்கள். கிரஷர் அதிர்வில் பாதி கோளாறு அப்படித்தான் வெளிப்படும்.

8. மெயின் சுவிட்சை உடனே அணைக்க விடாதீர்கள்.

எஞ்சின் நின்றதும், பல இயந்திரங்களில் பம்பு தன் குழாய்களில் மிச்சமிருக்கும் டெஃபை டேங்குக்குத் திருப்பி இழுக்கும். அதற்குச் சில நிமிடம் கரண்ட் வேண்டும். காத்திருக்கச் சொல்ல விளக்கு இருக்கும், இல்லாவிட்டால் புத்தகத்தில் நிமிடம் போட்டிருக்கும். பேட்டரி திருடு போகுமோ என்ற பயத்தில் சாவியைத் திருப்பிய கையோடு மெயினையும் அணைக்கிறார்கள். உள்ளே நின்ற டெஃப் காய்ந்து உப்பாகி இன்ஜெக்டரையும் வடிகட்டியையும் அடைக்கிறது. பிறகு அழுத்தக் கோடு வருகிறது, நல்ல பிரஷர் சென்சார் குப்பைக்குப் போகிறது.

9. புகை வெளியேறும் பக்கத்து நாக்ஸ் (நைட்ரஜன் ஆக்சைடு) சென்சார் அதிகம் காட்டினால், டெஃப் குறைவாகப் போகிறது என்று மட்டும் நினைக்காதீர்கள். அந்தச் சென்சாருக்கு அம்மோனியாவும் நாக்ஸாகத்தான் தெரியும். இன்ஜெக்டர் ஒழுகி டெஃப் கூடிப்போனாலும் அதே கோடு வரும். சைலன்சருக்குள் வெள்ளைக் கட்டி இருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள்.

10. எமுலேட்டர் பெட்டி போடச் சொல்வார்கள். போடாதீர்கள்.

டெஃபை நிறுத்திவிட்டு எல்லாம் சரி என்று எஞ்சினுக்குப் பொய் சொல்லும் பெட்டி அது. அந்த லோடரின் புகையை நாள் முழுக்கச் சுவாசிப்பவர்கள் பக்கத்தில் நிற்கும் ஹெல்ப்பரும் கல் பொறுக்கும் பெண்களும். கல்தூசியே அவர்கள் நுரையீரலுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இதில் வேலை போனாலும் பரவாயில்லை, மறுத்துவிடுங்கள். நான் இரண்டு வாடிக்கையாளர்களை இழந்திருக்கிறேன்.

11. கோளாறு சரியானவுடன் பவர் திரும்பாது. எஞ்சினுக்கு நிரூபித்துக் காட்ட வேண்டும். புகைக் குழாய் 200 டிகிரியைத் தொட்டால்தான் டெஃப் தெளிப்பே ஒழுங்காக நடக்கும், வெறுமனே ஐடிலில் விட்டால் அந்தச் சூடு வராது. ஆப்பரேட்டரை ஏற்றி, பக்கெட் நிறையக் கல் அள்ளவிட்டு ஓட்டச் சொல்லுங்கள். வெளியேறும் நாக்ஸ் இறங்குவதை ஸ்கேனரில் உங்கள் கண்ணால் பார்த்த பிறகு பையைக் கட்டுங்கள்.