பதில் முதலில், பணி பிறகு



பள்ளி திறக்கும் மாதத்தில் நாம் அனைவரும் தையற்கடைக்குச் செல்கிறோம். தையற்காரர் அளவெடுத்து நோட்டில் எழுதுகிறார். துணியில் ஒரு நறுக்கை வெட்டிச் சீட்டுடன் சேர்த்துக் குத்துகிறார். "வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள், அம்மா" என்று அனுப்பிவிடுகிறார். சீருடை தைத்து முடியும்வரை ஒவ்வொருவரையும் கடையிலேயே நிறுத்தி வைத்தால், கூட்டம் தெருக்கோடிவரை நீளுமன்றோ? இணையத்திலுள்ள சர்வர் என்னும் கணிப்பொறியும் இம்முறையைக் கைக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒரு மாணவி கல்லூரியில் சேர இணையத்தின் வழியே விண்ணப்பிக்கிறாள் என்று கொள்வோம். அவள் தந்த விவரங்களைப் பதிவு செய்ய அரை விநாடி போதும். ஆனால் படத்தைச் சிறிதாக்கி, ரசீது தயாரித்து, மின்னஞ்சல் அனுப்புவது வரை எல்லாம் முடிய 20 விநாடி ஆகலாம். சர்வரில் ஒரே சமயத்தில் 5 பேருக்குத்தான் பதிலளிக்க முடியுமானால், நிமிடத்திற்கு 15 பேரையே அனுப்ப இயலும். பதிவு செய்தவுடன் பதில் தந்துவிட்டால் 600 பேரை அனுப்பலாம்! பணி குறையவில்லை, காத்திருத்தலே குறைந்தது. எஞ்சிய வேலை வரிசையில் நின்று, கூட்டம் தணிந்தபின் மெல்ல முடியும்.

இதற்கு இரு வழிகள் உண்டு. முதலாவது, பதிலை அனுப்பிவிட்டு அதே புரோகிராம் வேலையைத் தொடர்வது. பி.எச்.பி. போன்ற கணிப்பொறி மொழிகளில் இதற்கு வசதி உள்ளது. இது எளிது, ஆயினும் அந்தப் புரோகிராம் வேலை முடியும்வரை அடுத்தவரைக் கவனிக்க இயலாது. மேலும், நடுவில் மின்சாரம் நின்றால் அரைகுறை வேலை சுவடின்றி மறைந்துவிடும். மாணவியோ ரசீது வருமென்று நம்பிக் காத்திருப்பாள்!

இரண்டாவது வழி, தையற்காரரின் நோட்டைப் போன்றது. செய்ய வேண்டிய வேலையை அழியாத ஓரிடத்தில் முதலில் எழுதி, அதன் பிறகே பதில் அனுப்ப வேண்டும். வேறொரு புரோகிராம் அந்தப் பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் செய்யும். முடிந்தபின்னரே அதை அடித்துவிடும். இடையில் தடைப்பட்டால் மீண்டும் முயலும். மின்னஞ்சல் சென்று, பட்டியலில் அடிப்பதற்குமுன் தடை நேர்ந்தால் அதே கடிதம் இருமுறை போகக்கூடும். ஆகவே, விண்ணப்ப எண்ணைக் கொண்டு "இது முன்பே சென்றதா?" என்று சரிபார்த்துக்கொள்வது நலம்.

இணையத்தின் உரையாடல் விதிகளைக் கூறும் எச்.டி.டி.பி. என்னும் முறையில் 202 என்றொரு பதில் எண் உண்டு. "உன் வேண்டுகோளை ஏற்றுக்கொண்டேன்; ஆனால் வேலை இன்னும் முடியவில்லை" என்பது அதன் பொருள். 1996-ல் வெளியான அம்முறையின் 1.0 பதிப்பிலேயே இது இடம்பெற்றுவிட்டது. எவ்வளவு நேர்மையான பதில்! "பெற்றுக்கொண்டோம்" என்பது வேறு, "முடித்துவிட்டோம்" என்பது வேறு. முன்னதைச் சொல்ல வேண்டிய இடத்தில் பின்னதைச் சொல்லும் சர்வர், வேகமாக இருந்தாலும் நம்பத் தகுந்ததன்று.

தோழியரே, நம்மிடம் யாரேனும் ஒரு வேலையை ஒப்படைக்கும்போதும் இதை நினைவில் கொள்வோம். உடனே பதில் சொல்வோம். சொன்னதைக் குறித்து வைப்போம். முடித்த பிறகே "முடிந்தது" என்போம்.