கடை அடைத்து வந்த பிறகு பார்க்க

அன்புள்ள தங்கைக்கு,

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்காக நின்றபோது என்னை அடையாளம் கண்டு பேசினீர்கள். “அக்கா, வீட்டுல உக்காந்து பாக்குற மாதிரி நல்லதா நாலு படம் சொல்லுங்களேன். டிவியைத் திறந்தா நூறு படம் நிக்குது, எதைத் தொடுறதுன்னே தெரியல” என்றீர்கள். நான் பதில் சொல்ல ஆரம்பிப்பதற்குள் ஒன்றாம் நம்பர் வந்துவிட்டது. கூட்டத்தில் நீங்கள் முன்பக்கம் ஏறினீர்கள், நான் பின்பக்கம். பதில் சொல்லாமல் விட மனமில்லை. இதே கேள்வி உள்ளவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

அந்தக் கொஞ்ச நேரத்தில் நீங்கள் சொன்ன வீட்டு நிலவரம்தான் எனக்கு உதவியாக இருக்கிறது. ஜவுளிக்கடை வேலை. கடை அடைத்து, பஸ் பிடித்து, காவிரிப் பாலம் தாண்டி வீடு சேர ஒன்பதரை ஆகிவிடுகிறது. வார விடுமுறை புதன்கிழமை. ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கும் அவன் அப்பாவுக்கும் ஞாயிறு. மாமியாருக்குக் கண் நன்றாகத் தெரியும், ஆனால் காது கொஞ்சம் மந்தம். ஆக, நாலு பேரும் ஒன்றாக உட்காரக் கிடைப்பது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு முக்கால் மணி நேரம். இந்த வெள்ளிக்கிழமை என்ன புதிதாக வந்தது என்ற பட்டியல் உங்களுக்கு எதற்கு? உங்கள் வீட்டு நேரத்துக்கும், கூட உட்கார்ந்திருக்கும் ஆட்களுக்கும் ஏற்றதுதான் வேண்டும். கடந்த சில ஆண்டுகளில் வந்தவற்றிலிருந்து அப்படித்தான் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

முக்கால் மணி நேரத்தில் மூன்று மணி நேரப் படம் அடங்காது. அதனால் முதலில் ஒரு தொடர் சொல்கிறேன்: ‘அயலி’. ஜீ5 தளத்தில் 2023 ஜனவரி 26 அன்று வந்தது. முத்துக்குமார் இயக்கியது. எட்டே பகுதிகள், ஒவ்வொன்றும் சின்னது. ராத்திரிக்கு ஒன்று பார்த்தால் எட்டு நாளில் முடிந்துவிடும். கதை நடப்பது நமக்குப் பக்கத்துப் புதுக்கோட்டைச் சீமையில், வீரப்பண்ணை என்ற ஊரில், 1990 வாக்கில். அந்த ஊரில் பெண் வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தை நிறுத்திக் கல்யாணம் செய்துவைத்துவிடுவார்கள். மீறினால் ஊர்த் தெய்வமான அயலித் தாய் கோபிப்பாள் என்று நம்பிக்கை. தமிழ்ச்செல்வி என்ற பெண்ணுக்கு டாக்டர் ஆக வேண்டும். அவள் வயதுக்கு வந்ததை ஊருக்குத் தெரியாமல் மறைக்கிறாள்.

இதை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், தமிழ்ச்செல்வியின் அம்மாவுக்காக. அனுமோள் நடித்திருக்கிறார். உண்மை தெரிய வந்ததும் அந்த அம்மா முதலில் பயப்படுகிறாள், பிறகு மகளோடு சேர்ந்து மறைக்கிறாள். மறைக்க மறைக்க, தான் ஒரு காலத்தில் எதையெல்லாம் விட்டுக்கொடுத்தோம் என்று அவளுக்கே தெரிய வருகிறது. இந்த மாற்றம் ஒரே காட்சியில் வசனம் பேசி நடப்பதில்லை. அடுப்படியிலும் குளத்தங்கரையிலும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிறது. எட்டுப் பகுதி என்ற நீளம் அதற்குத்தான் பயன்பட்டிருக்கிறது. உங்கள் மாமியாருக்கு இதில் பல விஷயம் சொந்த ஞாபகமாக இருக்கும். அவரைப் பேச விடுங்கள். மாதவிலக்கைப் பற்றி ஒன்பதாம் வகுப்புப் பையனோடு உட்கார்ந்து பார்ப்பதா என்று தயங்க வேண்டாம். அவன் வகுப்பில் பெண்பிள்ளைகள் படிக்கிறார்களே, அவனுக்குத் தெரிந்திருப்பது நல்லதுதான். சில இடங்களில் பிரசார வாடை அடிக்கிறது, ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் ஒரே அச்சாக இருக்கிறார்கள். அதையும் மீறி, வீட்டில் எல்லாரும் சேர்ந்து பார்க்கத் தமிழில் வந்த தொடர்களில் இதற்கு இணையாக இன்னொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

‘விலங்கு’ பற்றியும் கேட்டீர்கள். அதுவும் ஜீ5தான், 2022 பிப்ரவரி, ஏழு பகுதிகள். பிரசாந்த் பாண்டியராஜ் எழுதி இயக்கியது, நம்ம மணப்பாறை விமல் சப்-இன்ஸ்பெக்டர். போலீஸ் ஸ்டேஷனுக்குள் ஒரு நாள் எப்படி நகரும் என்பதை இவ்வளவு நம்பும்படி காட்டிய தமிழ்த் தொடர் குறைவு. ஆனால் பேச்சு கெட்ட வார்த்தைகளோடு வரும், வன்முறை உண்டு. பையன் தூங்கிய பிறகு நீங்களும் உங்கள் கணவரும் பாருங்கள். பிரைமில் உள்ள ‘சுழல்’ இரண்டு பருவங்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு. அன்று உங்களுக்குக் கடை உண்டு என்றாலும், திரும்பி வந்து பாதியாவது அவர்களோடு பார்க்கலாம். ‘மெய்யழகன்’ அப்படி இரண்டு தவணையாகப் பார்க்கத் தோதான படம். 2024 செப்டம்பர் 27 திரையரங்கில் வந்தது, சரியாக நாலு வாரம் கழித்து அக்டோபர் 25 நெட்ஃபிளிக்ஸுக்கு வந்துவிட்டது. ‘96’ எடுத்த பிரேம்குமார் படம். தஞ்சாவூரில் வீட்டைப் பறிகொடுத்துச் சென்னைக்குப் போன குடும்பத்துப் பையன், இருபது வருஷத்துக்கும் மேல் கழித்து நீடாமங்கலத்துக்கு ஒரு கல்யாணத்துக்கு வருகிறான். அங்கே “அத்தான், அத்தான்” என்று ஒருவன் ஒட்டிக்கொள்கிறான். அவன் யார், பெயர் என்ன என்று கடைசிவரை இவனுக்கு ஞாபகம் வரவில்லை. அரவிந்த்சாமியும் கார்த்தியும் ராத்திரி முழுக்கப் பேசுகிறார்கள். படம் என்பது அவ்வளவுதான்.

திரையரங்கில் இது நீளம் என்று சொல்லி, வெளியான சில நாட்களிலேயே பதினெட்டு நிமிடத்தை வெட்டினார்கள். எனக்கு அதில் மிகவும் வருத்தம். இந்தப் படத்தின் உயிரே அவசரமில்லாத பேச்சில் இருக்கிறது. உறவுக்காரர் வீட்டுத் திண்ணையில் பேசிக்கொண்டிருக்கும்போது யாராவது கடிகாரம் பார்ப்பார்களா? வீட்டில் பார்க்கும்போது அந்த நெருக்கடி இல்லை. காபி போட எழுந்து போய்விட்டு வந்தாலும் அவர்கள் பேசிக்கொண்டுதான் இருப்பார்கள். தஞ்சாவூர் நமக்கு ஒரு மணி நேரத் தூரம். அந்த ஊர்ப் பேச்சும் சைக்கிளும் கோயில் யானையும் நமக்கு வேற்றூர்ச் சங்கதி அல்ல.

அடுத்தது ‘டூரிஸ்ட் ஃபேமிலி’. 2025 மே 1 வெளியாகி, ஜூன் 2 அன்று ஜியோஹாட்ஸ்டாருக்கு வந்தது. இலங்கையில் பிழைக்க முடியாமல், கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் கள்ளத்தோணியில் ராமேஸ்வரம் வந்து, சென்னையில் ஒரு தெருவில் குடியேறுகிறார்கள். பேச்சை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால், வெளியே வாயைத் திறக்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். சசிகுமாரும் சிம்ரனும் மிகைப்படுத்தாமல் நடித்திருக்கிறார்கள். இருபதுகளில் உள்ள அபிஷன் ஜீவிந்துக்கு இது முதல் படம். அந்தத் தெருவில் இருக்கும் அத்தனை பேரும் கடைசியில் நல்லவர்களாகிவிடுவது கொஞ்சம் எளிதாக நடந்துவிடுகிறது என்பது என் குறை. ஆனால் திருச்சிக்காரர்கள் இந்தப் படத்தை இன்னொரு காரணத்துக்காகப் பார்க்க வேண்டும். விமான நிலையம் பக்கம் கொட்டப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருப்பது நமக்குத் தெரியும். அதற்குப் பெயர் ‘மறுவாழ்வு முகாம்’ என்று 2021-ல் மாற்றப்பட்டது. அங்கேயே பிறந்து, நம் கல்லூரிகளில் படித்து, நம் கடைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். படத்தில் வரும் குடும்பம் சென்னைத் தெருவில் இருக்கலாம், அவர்கள் கேட்கும் கேள்வி நம் ஊர்க் கேள்வி. உங்கள் பையனுக்கு அதைச் சொல்லிக் காட்டுங்கள்.

பையனைப் பற்றி நீங்கள் மெதுவாக ஒன்று சொன்னீர்கள்: கதவைச் சாத்திக்கொண்டு போனோடு இருக்கிறான், கேட்டால் பதில் இல்லை. அதற்கும் இரண்டு சொல்கிறேன். முதலில் ‘பறந்து போ’. ராம் இயக்கிய படம், 2025 ஆகஸ்ட் முதல் ஜியோஹாட்ஸ்டாரில் இருக்கிறது. அப்பா அம்மா இரண்டு பேரும் வேலைக்கும் தவணைக்கும் ஓட, வீட்டில் பூட்டிவைக்கப்பட்ட சின்னப் பையன் அப்பாவை இழுத்துக்கொண்டு பைக்கில் கிளம்பிவிடுகிறான். சிரித்துக்கொண்டே பார்க்கலாம். மிர்ச்சி சிவாவை ராம் இவ்வளவு நன்றாகப் பயன்படுத்துவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இரண்டாவது, ‘அடோலசென்ஸ்’. இங்கிலாந்துத் தொடர், நெட்ஃபிளிக்ஸ், 2025 மார்ச். நாலே பகுதிகள். ஒவ்வொரு பகுதியையும் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுத்திருக்கிறார்கள். விடிகாலையில் போலீஸ் கதவை உடைத்து, கூடப் படித்த பெண்ணைக் கொன்றதாகப் பதின்மூன்று வயதுப் பையனைக் கைது செய்கிறது. கொன்றது யார் என்பதல்ல கதை. பக்கத்து அறையில் இருந்த பிள்ளைக்குள் போன் வழியாக என்னென்ன புகுந்தது என்று தெரியாமல் போன அப்பா அம்மாவின் கதை. அந்த நாட்டில் மேல்நிலைப் பள்ளிகளில் இலவசமாகத் திரையிட ஏற்பாடு செய்தார்கள் என்றால் எவ்வளவு ஆழமாகத் தைத்திருக்கும் பாருங்கள். இதை முதலில் நீங்கள் இருவரும் பாருங்கள். பிறகு அவனோடு பார்க்கலாமா என்று நீங்களே முடிவு செய்யலாம். பார்த்துவிட்டு உடனே அவன் போனைப் பிடுங்காதீர்கள். அது கதவை இன்னும் இறுக்கமாகச் சாத்த வைக்கும்.

மாமியாருக்கு ‘மாமன்’. சூரி, ராஜ்கிரண், தாய்மாமன் பாசம். அழுகை அளவுக்கு மீறிப் போகிறது, எனக்கு ஒத்துவரவில்லை. ஆனால் நம்ம திருச்சிப் பக்கம் எடுத்த படம், அவருக்குப் பிடிக்கும். ‘குடும்பஸ்தன்’ உங்கள் கணவருக்கு. வேலை போனதை வீட்டில் மறைக்கும் மணிகண்டனைப் பார்த்து அவர் வாய்விட்டுச் சிரிப்பார்.

புதன்கிழமை மதியம் வீட்டில் நீங்கள் மட்டும் இருப்பீர்கள் அல்லவா, அதற்கென்று ஒரு படம் ஒதுக்கிவைத்திருக்கிறேன்: ‘கொட்டுக்காளி’. வினோத்ராஜ் படம், 2024 செப்டம்பர் கடைசியில் பிரைமுக்கு வந்தது. தயாரித்தது நம் ஊரில் படித்த சிவகார்த்திகேயனின் நிறுவனம். வேறு சாதிப் பையனை விரும்பிய பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி, குடும்பமே ஷேர் ஆட்டோவிலும் பைக்கிலும் அவளைச் சாமியாடியிடம் கூட்டிப்போகிறது. பின்னணி இசையே கிடையாது. ஆட்டோச் சத்தம், சேவல், காற்று. அன்னா பென் படம் முழுக்க ஏறக்குறைய பேசுவதே இல்லை. முடிவு பிடிக்காமல் திரையரங்கில் கோபப்பட்டவர்கள் உண்டு. காலையிலிருந்து இரவு வரை நூறு பேரிடம் சேலை விரித்துப் பேசும் உங்களுக்கு அந்தப் பெண்ணின் மௌனம் புரியும் என்று நினைக்கிறேன். போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் பாருங்கள். இதே இயக்குநரின் ‘கூழாங்கல்’ ராட்டர்டாம் திரைப்பட விழாவில் 2021-ல் புலி விருது வாங்கியது. ஒன்றேகால் மணி நேரம்தான், சோனி லிவ்வில் பார்க்கலாம்.

“வீட்டுல பாத்தா சினிமாக்காரங்களுக்கு நஷ்டம்தானே அக்கா” என்றும் கேட்டீர்கள். மெயின்கார்டு கேட்டிலும் கோட்டை ஸ்டேஷன் பக்கமும் சத்திரத்திலிருந்து நடந்தே போய்ப் படம் பார்த்து வளர்ந்தவள் நான். தியேட்டர் இல்லாமல் போனால் தாங்க மாட்டேன். ஓடிடிக்கு எட்டு வாரம் கழித்துத்தான் படம் போக வேண்டும் என்று திரையரங்கு உரிமையாளர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் படம் ஆளைத் தேடி வருவது நம் ஊருக்குப் புதிதல்ல. 1905-ல் திருச்சி ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபான் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கிக்கொண்டு, வேலையை விட்டு, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டப் போனார். கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டியது அதற்குப் பிறகுதான், 1914-ல். ‘கொட்டுக்காளி’ மாதிரிப் படங்களைத் தியேட்டரில் சில வாரங்களுக்கு மேல் பார்க்க முடியாது. ராத்திரி ஒன்பதரைக்கு வீடு சேர்கிற ஒருத்திக்கு அது வேறு எங்கே கிடைக்கும்? டெலிகிராமில் வரும் திருட்டுப் பிரதியை மட்டும் தொடாதீர்கள். சின்னப் படக்காரர்களுக்குத் தளம் கொடுக்கும் பணம்தான் அடுத்த படத்துக்கு முதல்.

செலவு விஷயம். எல்லாத் தளங்களுக்கும் சேர்த்துக் கட்டாதீர்கள். ஒரு மாதம் ஜீ5 மட்டும் எடுத்து ‘அயலி’, ‘விலங்கு’, ‘மாமன்’, ‘குடும்பஸ்தன்’ நான்கையும் பார்த்து முடியுங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியை அணைத்துவிட்டு, அடுத்த மாதம் ஜியோஹாட்ஸ்டார், அதற்கடுத்து நெட்ஃபிளிக்ஸ். பையன் அதில் விலை குறைந்த மொபைல் திட்டம் போடலாம் என்பான். அது போனிலும் டேப்லெட்டிலும் மட்டும் ஓடும், டிவியில் வராது, பிறகு மாமியார் பார்க்க முடியாது. போன் ரீசார்ஜிலோ வீட்டு இணைய இணைப்பிலோ ஏதாவது தளம் சேர்ந்தே வருகிறதா என்று முதலில் பாருங்கள், பல பேருக்கு அது இருப்பதே தெரியவில்லை. மாமியாருக்காக, தமிழ்ப் படமாக இருந்தாலும் தமிழ் எழுத்து வசதி கொடுத்திருந்தால் திரையின் கீழே ஓட விடுங்கள். சத்தத்தை ஏற்றிவைத்துப் பக்கத்து வீட்டை எழுப்ப வேண்டியிருக்காது.

அன்புடன்,
உங்கள் அக்கா