மறுமணக் குடும்பத்தில் உயில் எழுதுவது எப்படி

மனைவியை இழந்த ஒருவர். அவருக்கு ஒரு மகள். கணவனை இழந்த ஒரு பெண். அவருக்கு ஒரு மகன். இருவரும் மறுமணம் செய்துகொண்டு பத்து வருடமாக ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். பையன் அவரை அப்பா என்றுதான் கூப்பிடுகிறான். பள்ளிக்கூடக் கட்டணம், சைக்கிள், டெங்கு வந்தபோது ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தது, எல்லாம் அவர்தான். வீடு அவர் சம்பாதித்து அவர் பெயரில் வாங்கியது.

உயில் எழுதாமல் அவர் முதலில் இறந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்குப் பாதி, மகளுக்குப் பாதி. அவருடைய தாயார் இருந்தால் அவருக்கும் சம பங்கு உண்டு. பையனுக்கு எதுவும் இல்லை. பிறகு அந்த அம்மாவும் உயில் இல்லாமல் போனால் அவருடைய பாதி முழுக்கப் பையனுக்கு. மகளுக்கு அதில் பங்கில்லை. இப்போது வரிசையை மாற்றிப் பாருங்கள். அம்மா முதலில் போய், பிறகு அவர் போனால் மொத்த வீடும் மகளுக்கு. பையன் வெறுங்கையோடு நிற்பான். இருவரும் ஒரே விபத்தில் இறந்து, யார் முந்தி என்று தெரியாவிட்டால், வயதில் இளையவர்தான் பிந்தி இறந்தார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும்.

யார் முதலில் கண்மூடுகிறார் என்பதைப் பொறுத்து வீடு கைமாறுகிறது. பாசமாக வளர்ந்த இரண்டு பிள்ளைகளை இப்படி அதிர்ஷ்டத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போவது எனக்குச் சம்மதமில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, ஒரு தாளில் யார் யாருக்குப் பிறந்தவர்கள் என்று கிளை போட்டு எழுதுவது. முன்பு விவாகரத்து நடந்திருந்தால் நீதிமன்றத் தீர்ப்பின் நகல் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் மனைவி உயிரோடு இருக்க, விவாகரத்து ஆகாமல் செய்த இரண்டாம் திருமணம் செல்லாது. அந்த இரண்டாம் மனைவி சட்டப்படி வாரிசு ஆகமாட்டார். ஆனால் பிள்ளைகளுக்குப் பெற்றோரின் சொத்தில் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2023இல் உறுதி செய்திருக்கிறது. உங்கள் நிலை இதுவானால் உயில் எழுதுவதை ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள். அந்தப் பெண்ணுக்கு உங்கள் எழுத்தைத் தவிர வேறு பிடிமானம் கிடையாது.

அடுத்தது சொத்துப் பட்டியல். பெரும்பாலானோர் சறுக்கும் இடம் இதுதான். "வீடு என்னோடதுதான்" என்று சொல்வார்கள். மூலப்பத்திரத்தை எடுத்துப் பார்த்தால், இறந்துபோன முதல் மனைவியின் பெயரும் சேர்ந்தே இருக்கும். அந்த வீட்டில் பாதி அந்த அம்மாவுடையது. அவர் உயில் எழுதாமல் இறந்த அன்றைக்கே அவருடைய பாதி கணவருக்கும் பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரிந்துவிட்டது. இரண்டு பிள்ளைகள் என்றால் ஆளுக்கு ஆறில் ஒரு பங்கு. ஆக, இவர் உயில் எழுதக்கூடியது மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டுமே. மீதி ஏற்கெனவே மூத்த தாரத்துப் பிள்ளைகளுடையது. முழு வீட்டையும் எழுதிவைத்தால், இவர் போன பிறகு வழக்கு நிச்சயம். வில்லங்கச் சான்று போட்டு, பட்டாவோடு ஒப்பிட்டு, சுயார்ஜிதம் எது, பூர்வீகம் எது, இறந்தவர் வழியாக வந்தது எது என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். பூர்வீகத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் பங்கு உண்டு. உங்கள் பங்கை மட்டும்தான் நீங்கள் உயிலில் கொண்டுவர முடியும்.

பட்டியல் முடிந்ததும் கணவனும் மனைவியும் உட்கார்ந்து, மேலே நான் போட்ட கணக்கைத் தங்கள் குடும்பத்துக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு தடவை அவர் முதலில், ஒரு தடவை இவர் முதலில். பேச்சு கசப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் இதைச் செய்யாமல் வக்கீலிடம் போகாதீர்கள். என்ன வேண்டும் என்று உங்களுக்கே தெரியாவிட்டால் அவர் என்ன எழுதுவார்?

இனி உயில். மறுமணக் குடும்பங்களில் வழக்கமான ஆசை இதுதான்: மனைவி கடைசிவரை அந்த வீட்டில் இருக்க வேண்டும், அவருக்குப் பிறகு வீடு பிள்ளைகளுக்குப் போக வேண்டும். இதற்கு மனைவிக்கு ஆயுட்கால அனுபவ உரிமை கொடுத்து, விற்கவோ அடமானம் வைக்கவோ உரிமை இல்லை என்று எழுதுவார்கள். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. மனைவியின் ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாகக் கொடுத்த சொத்து, பத்திரத்தில் என்ன கட்டுப்பாடு எழுதியிருந்தாலும், அவருக்கு முழு உரிமையாகிவிடும் என்று 1977இல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. "என் மனைவியின் ஜீவனத்துக்காக" என்று நல்லெண்ணத்தில் எழுதிய ஒரு வரி, வீட்டை உங்கள் பிள்ளைகளிடமிருந்து கொண்டுபோய்விடலாம். என் யோசனை: மனைவியின் செலவுக்கு வைப்புத்தொகையோ வேறு சொத்தோ முழு உரிமையாகவே கொடுத்துவிடுங்கள். வீட்டைப் பற்றிய பத்தியைத் தனியாக, இந்தத் தீர்ப்பை அறிந்த வக்கீலை வைத்து எழுதுங்கள். வீட்டு வரியும் ரிப்பேரும் யார் செலவு, மாடியை வாடகைக்கு விட்டால் பணம் யாருக்கு என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள்.

"என் பிள்ளைகள்" என்று பொதுவாக எழுதவே கூடாது. வளர்த்த பிள்ளை அந்தச் சொல்லுக்குள் வரமாட்டார். முழுப் பெயர், பிறந்த தேதி, "என் மனைவியின் முதல் திருமணத்தில் பிறந்து என்னால் வளர்க்கப்பட்டவர்" என்ற விவரம், மூன்றும் வேண்டும். உங்களுக்கு முன்பே ஒருவர் இறந்துவிட்டால் அவர் பங்கு யாருக்கு என்றும் ஒரு வரி சேருங்கள்.

கையெழுத்துக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். பங்கு பெறுகிறவர்களோ அவர்கள் வீட்டு மனிதர்களோ வேண்டாம். உங்களைவிட வயது குறைந்தவர்களாக இருப்பது நல்லது. உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவும் கட்டாயமில்லை. ஆனாலும் இந்தக் குடும்பங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியச் சொல்லியே நான் வற்புறுத்துவேன். "அப்பாவை மிரட்டி எழுதி வாங்கிட்டாங்க" என்ற பேச்சு இங்கேதான் சீக்கிரம் கிளம்பும். உயிலை நிறைவேற்ற இரண்டு பக்கமும் சாராத ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள்.

முன்பு எழுதிய உயில் இருந்தால் அதைத் தேடி எடுங்கள். இந்துக்களுக்கு மறுமணத்தால் பழைய உயில் ரத்தாகாது, கிறிஸ்தவர்களுக்கு ரத்தாகிவிடும். புதிய உயிலில் முந்தையவற்றை ரத்து செய்கிறேன் என்று எழுதினால் போதும். முஸ்லிம்கள் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. வளர்த்த பிள்ளைக்கு அந்த ஒரு பங்குக்குள்ளோ, உயிரோடு இருக்கும்போதே ஹிபா எனப்படும் கொடையாகவோ கொடுக்கலாம்.

நாமினி விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வங்கிக் கணக்கிலும் பங்குகளிலும் நாமினி என்பவர் பணத்தை வாங்கிக் கொடுக்கும் கைதான். உரிமை வாரிசுக்கோ உயிலில் உள்ளவருக்கோ போகும். ஆயுள் காப்பீடு வேறு மாதிரி: 2015 திருத்தத்துக்குப் பிறகு, நாமினி கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோர் என்றால் பணம் அவர்களுக்கே சேரும். முதல் மனைவி இருந்த காலத்தில் மச்சான் பெயரைப் போட்டுவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள். எல்லாவற்றையும் புதுப்பியுங்கள். வருங்கால வைப்புநிதியையும் பணிக்கொடையையும் விடாதீர்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம்.

மூத்த தாரத்துப் பிள்ளைகளுக்கு யாரும் தொட முடியாத ஒரு தொகை வேண்டும் என்று நினைக்கும் தகப்பன், 1874ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின்கீழ் ஒரு டெர்ம் பாலிசி எடுக்கலாம். பயனாளியாக அந்தப் பிள்ளைகளின் பெயரைப் போட்டால் பிறகு மாற்ற முடியாது. கடன்காரர்களும் கைவைக்க முடியாது. ஆனால் பாலிசி எடுக்கும்போதே இதைக் கேட்க வேண்டும்.

பிள்ளைகள் பதினெட்டு வயதுக்குக் குறைவென்றால் இன்னொரு பத்தி தேவை. மாற்றாந்தாயும் மாற்றாந்தகப்பனும் சட்டப்படி இயல்பான பாதுகாவலர்கள் அல்லர் என்று 1956ஆம் ஆண்டின் இந்து இளையோர் பாதுகாவலர் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. வளர்த்தவரிடமே பிள்ளை இருக்க வேண்டுமென்று விரும்பினால், பெற்றவர் உயிலில் அவரைப் பாதுகாவலராக நியமிக்க வேண்டும். பிள்ளையைப் பெற்ற மற்றவர் உயிரோடு இருந்தால் அவருடைய உரிமைதான் முன்னே நிற்கும்.

கடைசியாக நகை. பத்திரத்தில் லட்சக்கணக்கைப் பிரித்துவிட்டு, பீரோ லாக்கரில் இருக்கும் சங்கிலியை மறந்துவிடுவார்கள். இறந்துபோன அம்மாவின் இரட்டைவடச் சங்கிலியை சித்தி கழுத்தில் பார்த்த மகள், அரை கிரவுண்டு நிலத்தை விட்டுக்கொடுத்தாலும் கொடுப்பாள், அதை விடமாட்டாள். அந்தச் சங்கிலியிலும் அவளுக்குச் சட்டப்படி பங்கு இருக்கிறது. ஒவ்வொன்றையும் எடை போட்டு, போட்டோ எடுத்து, இது யாருடைய அம்மாவுடையது, யாருக்கு என்று எழுதுங்கள். முடிந்தால் உயில் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்; அடுத்த நல்ல நாளில் உங்கள் கையாலேயே மகளிடம் கொடுத்துவிடுங்கள்.