முழங்கால் போகும் முன்னே கோச் ஆகுங்கள்

எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் கால்பந்தோடு வளர்ந்த பையன்களுக்கு இருபத்தைந்து வயது வாக்கில் ஒரு கவலை வரும். பிளேயராக இதற்கு மேல் போக வழியில்லை, கிரவுண்டை விடவும் மனசில்லை. அடிபட்டு உட்கார்ந்த பிறகுதான் பலர் கோச்சிங் பற்றி யோசிக்கிறார்கள். அதற்குள் நல்ல ஐந்து வருஷம் போய்விடுகிறது. ஆடும்போதே தொடங்குங்கள்.

முதல் வேலைக்குச் சான்றிதழ் வேண்டாம். உங்கள் தெருவில் பத்து வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரைச் சேர்த்து, வாரம் மூன்று நாள் காலை ஆறு மணிக்குக் கிரவுண்டில் நில்லுங்கள். கம்பெனியில் நைட் ஷிஃப்ட் விழுந்தால், அன்றைக்கு யார் பார்த்துக்கொள்வார் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். இரண்டு முறை ஏமாந்தால் மூன்றாம் முறை பிள்ளைகள் வரமாட்டார்கள். வியாசர்பாடி தந்த தனபால் கணேஷ் 2017-18இல் ஐஎஸ்எல் கோப்பை வென்ற சென்னையின் எஃப்சியில் ஆடினார். அப்படி ஒரு பிள்ளை உங்கள் பன்னிரண்டு பேரிலும் இருக்கலாம்.

ஒரு நோட்டு போடுங்கள். யார் வந்தார்கள், என்ன சொல்லிக்கொடுத்தீர்கள், எங்கே சொதப்பியது, எல்லாம் அதில் ஏறட்டும். மேட்சைச் செல்போனில் படம் பிடித்து, இரவில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஹெல்மெட் போட்டு ஆடும் அமெரிக்கன் ஃபுட்பாலில் ஆறு சூப்பர் பவுல் வென்ற தலைமைக் கோச் பில் பெலிசிக், 1975இல் வாரம் 25 டாலர் சம்பளத்தில் ஆட்டப் படங்களை அலசும் ஆளாகத்தான் சேர்ந்தார். தலைமைப் பொறுப்பு 1991இல்தான் கிடைத்தது. இந்தத் தொழிலில் பொறுமைக்கு அவ்வளவு விலை.

அடுத்து லைசென்ஸ். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் 'டி' படிப்பில் நுழைந்து, 'சி', 'பி', 'ஏ' என்று ஏற வேண்டும். ஐஎஸ்எல் தலைமைக் கோச்சுக்கு அதற்கும் மேலே 'ப்ரோ' வேண்டும். ஒவ்வொரு படிக்கும் பணமும் வருஷங்களும் ஆகும். அதனால் கையில் இருக்கும் வேலையை அவசரப்பட்டு விடாதீர்கள். சையத் சபீர் பாஷா இந்தியன் வங்கி அணியில் ஆடி, அதே அணிக்குக் கோச்சாகி, பிறகு சென்னையின் எஃப்சியில் உதவிக் கோச்சானார். 2022இல் அந்த அணியின் இடைக்காலத் தலைமைக் கோச்சாகவும் நின்றார். சம்பளம் தரும் ஒரு நிறுவனம் பின்னால் இருந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அவரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மாதச் சம்பளம் நிலையாக வர வேண்டும் என்பவர்கள் பள்ளிக்கூடத்தைப் பாருங்கள். அதற்கு உடற்கல்விப் பட்டம் வேண்டும். நந்தனம் ஒய்எம்சிஏ கல்லூரி 1920 முதல் உடற்கல்வியைத்தான் கற்றுத்தருகிறது. பாட்டியாலா என்ஐஎஸ் கோச்சிங் டிப்ளமோவும் இருந்தால் அரசு வேலைக்கு மதிப்புக் கூடும்.

மறுபடி லைசென்ஸுக்கு வருவோம். 'டி' படிப்பில் நம் பையன்கள் தடுமாறுவது ஆட்டத்தில் இல்லை, பேச்சில். பிளேயர்களை நிற்க வைத்து ஒரு பயிற்சியை நீங்களே நடத்திக் காட்ட வேண்டும். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கக்கூடும். 'ஸ்பேஸ்', 'பிரஸ்ஸிங்', 'சப்போர்ட்' மாதிரி ஐம்பது சொற்கள் வாயில் பழகினால் பாதி பயம் போய்விடும். போவதற்கு முந்தின மாதம், உங்கள் பன்னிரண்டு பிள்ளைகளிடமே அந்தச் சொற்களை வைத்து தினமும் பயிற்சி நடத்துங்கள். அவர்களுக்குப் புரிந்தால் தேர்வாளருக்கும் புரியும்.