நாரையின் வயிற்றுப் புழுவும் நமது மீன் சட்டியும்

குளத்து மீனைத் துப்புரவு செய்யும்போது சிலவேளை அதன் வயிற்றில் புழு சுருண்டு கிடப்பதைக் காண்கிறோம். உடனே மீனை எறிந்துவிடுகிறோம். கொக்கையும் நீர்க்காகத்தையும் திட்டுகிறோம். சிலர் கூடுகளையும் கலைக்கிறார்கள். வயலையும் தோட்டத்தையும் விட்டுவந்த குடும்பத்துக்கு ஒரு மீனும் பெரிதுதான். எனவே இப்புழுக்களை இனங்காணக் கற்றுக்கொள்வோம்.

புழு செல்லும் வழி

மீனுண்ணும் பறவையின் உடலில் முதிர்ந்த புழு முட்டையிடுகிறது. முட்டை பெரும்பாலும் எச்சத்துடன் நீரில் விழுகிறது. இளம்புழு முதலில் நத்தை, சேற்றுப்புழு முதலிய சிற்றுயிர்களிலும், பின்னர் மீனிலும் வளர்கிறது. அந்த மீனைப் பறவை விழுங்கும்போது வட்டம் முழுமையாகிறது. ஆகவே பறவையில் முதிர்ந்த புழுவாக இருப்பதே மீனில் இளம்புழுவாக இருக்கிறது.

இனங்காணல்

இரண்டு கேள்விகள் போதும்: புழுவின் வடிவம் என்ன? எந்த உறுப்பில் இருக்கிறது?

1. கிளினொஸ்டோமம்: இலைபோன்ற தட்டைப்புழு. நாரை, கொக்கு ஆகியவற்றின் வாயிலும் தொண்டையிலும் ஒட்டியிருக்கும். மீனில் தோலின் கீழும் செவுளிலும் மஞ்சள் மணிபோலத் தெரியும்.

2. யூஸ்ட்ரொங்கிலிடெஸ்: நீண்ட சிவப்பு உருளைப்புழு. நாரையினப் பறவைகளின் இரைப்பைச் சுவரைத் துளைத்து வாழும். இதனால் குஞ்சுகள் இறப்பதுண்டு. மீனின் வயிற்றறையில் சுருண்டிருக்கும்.

3. கொன்ட்ராசீக்கம்: வெண்ணிற உருளைப்புழு. நீர்க்காகம், கூழைக்கடா ஆகியவற்றின் இரைப்பையில் கூட்டமாக இருக்கும். மீனில் குடலைச் சுற்றிய சவ்வில் சுருண்டிருக்கும்.

4. நாடாப்புழு: பட்டையான வெண்ணிறப் புழு. பெரும்பாலானவை கண்டங்களாகப் பிரிந்திருக்கும். பறவையின் குடலில் வாழும்.

நாம் செய்யவேண்டியவை

இறந்த பறவையை நாமே வெட்டிப் பார்க்க வேண்டாம். பறவைக் காய்ச்சல் போன்ற நோய்கள் இருக்கலாம். வெறுங்கையால் தொடாமல் மிருக வைத்தியருக்கு அறிவிப்போம். மீனில் கண்ட புழுவை 70 சதவீத மதுசாரமுள்ள போத்தலில் இட்டு, மீனின் பெயர், உறுப்பு, இடம், திகதி ஆகியவற்றை எழுதிக் கொடுத்தால் அவர் இனங்காண்பது எளிது.

மனிதருக்கு ஆபத்து பச்சை மீனில்தான் உண்டு. 1982 இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் உயிருள்ள சிறுமீன்களை விழுங்கிய மீனவர்களின் குடலை யூஸ்ட்ரொங்கிலிடெஸ் இளம்புழு துளைத்தது. நன்றாக வெந்த மீனில் புழு உயிரோடிராது. குடலையும் புழுவுள்ள பகுதியையும் அகற்றி, முள்ளோரத் தசையும் வேகும்வரை சமைப்போம். தேசிக்காய்ப் புளியில் ஊறவைப்பது மட்டும் போதாது. பச்சை மீன்குடலை வாத்து, நாய், பூனைக்குப் போடாமலும் குளத்தில் வீசாமலும் ஆழப் புதைப்போம்.

பறவையைக் கொல்வதால் இப்புழுக்கள் நம்மைவிட்டு அகலா. நம்மை நோக்கி வரும் வழியை அடைக்கும் இடம் நமது அடுப்படியே.

கலந்துரையாடுவோம்

1. நமது குளத்து மீனில் எவ்வகைப் புழுவைக் கண்டோம்? எந்த உறுப்பில்?
2. மீன்குடலை நாம் எங்கே போடுகிறோம்?