வைஸ் நேராக இருக்கிறதா? ஒரு செய்முறைப் பாடம்

தொழிற்கல்விப் பிரிவு மாணவர் ஒருவர் இரும்புத் துண்டை மில்லிங் இயந்திரத்தின் வைஸில் பிடித்து, அதன் நீளவாக்கில் ஒரு காடி வெட்டுகிறார். வெட்டி முடித்ததும் வெர்னியர் காலிப்பரால் அளக்கிறார். விளிம்பிலிருந்து காடியின் தூரம் ஒரு முனையில் 12.00 மி.மீ., மறுமுனையில் 12.10 மி.மீ. "கை இன்னும் பழகவில்லை" என்று சொல்லி மதிப்பெண்ணைக் குறைப்பது எளிது. ஆனால் இயந்திர மேசை நகரும் திசைக்கு வைஸ் இணையாக இல்லாவிட்டால், எவ்வளவு பழகிய கையும் இதே காடியைத்தான் வெட்டும். மாணவரின் வேலையைத் திருத்துவதற்கு முன் வைஸைச் சோதிக்க வேண்டும். அதை மாணவரே சோதிக்கக் கற்றுத்தருவதுதான் இந்தப் பாடத்தின் நோக்கம்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் இதன் தேவையை விளக்க அதிகம் பேச வேண்டியதில்லை. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். நூற்பாலைகள் பெருகிய ஊர் இது. ஆலை இருக்கும் இடத்தில் பழுதுபார்க்கும் பட்டறையும் இருக்கும். அங்கே தண்டு ஒன்றில் வெட்டும் சாவிக்காடி சாய்ந்துவிட்டால், சாவி முழுவதும் பதியாமல் ஓரத்தில் மட்டும் தாங்கும். ஓட ஓடத் தேய்ந்து ஆட்டம் கொடுக்கும். நாளை அந்தப் பட்டறைகளுக்குப் போகப்போகிறவர்கள் நம் மாணவர்கள்.

கண்ணுக்குத் தெரியாத சாய்வு

100 மி.மீ. நீளத்தில் 0.05 மி.மீ. விலகல் என்றால், tan-க்குரிய விகிதம் 0.0005. கோணம் ஒரு பாகையில் ஏறத்தாழ 35-இல் ஒரு பங்கு. பாகைமானியில் இதைப் பார்க்கவே முடியாது. ஆனால் 200 மி.மீ. நீளப் பொருளில் அது 0.10 மி.மீ. ஆகிவிடும். சுழலும் அடித்தளம் உள்ள வைஸில் பாகைக்கோட்டை 0-க்கு நேரே நிறுத்தினால் போதும் என்று மாணவர்கள் நினைப்பார்கள். அங்கே கால்பாகத்துக்கும் குறைவாக, 0.1 பாகை மட்டும் தவறினாலும், 100 மி.மீ.க்கு 0.17 மி.மீ. விலகும். பத்தாம் வகுப்பு முக்கோணவியல் நடத்தும் கணித ஆசிரியருக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஆண்டாள் கோயில் தேரோட்டம் பார்த்த பிள்ளைகளுக்கு இன்னொரு வழியிலும் சொல்லலாம். தேர் சற்றுத் திரும்பியதுமே முட்டுக்கட்டை போட்டுத் திருத்துகிறார்கள். விட்டுவிட்டால் தெரு முனைக்குள் அது எங்கே போய் நிற்கும் என்று கேளுங்கள்.

இயந்திரம் இல்லாத வகுப்பில்

வரைபலகை, 30 செ.மீ. அட்டைப்பட்டை, குண்டூசி, அளவுகோல் போதும். பலகையின் விளிம்பை மேசை நகரும் திசையாகவும், பட்டையை வைஸின் தாடையாகவும் கொள்க. விளிம்பிலிருந்து பட்டையின் ஒரு முனை 50 மி.மீ., மறுமுனை 56 மி.மீ. தூரத்தில் இருக்குமாறு வைக்கவும்.

முதலில் 50 மி.மீ. முனையில் ஊசி குத்தி, மறுமுனையை நகர்த்தச் சொல்லுங்கள். முழு 6 மி.மீ. நகர்த்தினால்தான் இணையாகும். பிறகு பழையபடி வைத்து, நடுவில் ஊசி குத்தச் சொல்லுங்கள். இப்போது 3 மி.மீ. நகர்த்தினாலே இரு முனைகளும் 53 மி.மீ. ஆகிவிடும். எந்தப் புள்ளியை மையமாகக் கொண்டு திரும்புகிறதோ, அதைப் பொறுத்தே திருத்தம் அமையும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் இதைச் செய்துவிடுவார்கள்.

இயந்திரத்தில்

1. மின்சாரத்தை நிறுத்தவும். மேசையையும் வைஸின் அடிப்பகுதியையும் துடைக்கவும். பிசிறு இருந்தால் எண்ணெய்க்கல்லால் தேய்த்து எடுக்கவும்.

2. வைஸை வைத்து, ஒரு பக்கப் போல்ட்டை ஓரளவு இறுக்கவும். மறுபக்கப் போல்ட்டை, தட்டினால் நகரும் அளவுக்கு மட்டும் இறுக்கவும்.

3. டயல் இண்டிகேட்டரை இயந்திரத் தலையில், அசையாதபடி பொருத்தவும். முனை நிலையான தாடையைத் தொட வேண்டும். நகரும் தாடையில் பார்க்கக் கூடாது. அதில் இயல்பாகவே சிறிது ஆட்டம் இருக்கும்.

4. முள் சிறிது திரும்பும் அளவுக்கு அழுத்தம் கொடுத்து, குறுக்கு நகர்வைப் பூட்டவும். இறுக்கிய போல்ட் இருக்கும் பக்கத்தில் டயலை 0-க்குத் திருப்பவும்.

5. மேசையைக் கையால் நீளவாக்கில் நகர்த்தி மறுமுனை அளவைப் படிக்கவும். வேறுபாடு தெரிந்தால் செம்பு அல்லது நைலான் சுத்தியலால், முள்ளைப் பார்த்தபடியே மெல்லத் தட்டவும். நடுமையத்தில் சுழலும் வைஸ் என்றால் வேறுபாட்டில் பாதியைத் திருத்தினால் போதும்.

6. முதல் முனைக்குத் திரும்பி மீண்டும் படிக்கவும். திருத்தும்போது அந்த முனையும் சற்று நகர்ந்திருக்கும். இரு முனைகளும் ஒத்துவரும் வரை தொடரவும்.

7. போல்ட்டுகளை மாறி மாறி முழுதாக இறுக்கிய பின் கடைசியாக ஒருமுறை சோதிக்கவும். இறுக்கும்போதே வைஸ் நகர்வது உண்டு. பலர் விட்டுவிடும் படி இதுதான்.

0.01 மி.மீ. மீச்சிற்றளவு கொண்ட டயலில், தாடை முழுவதும் 0.02 மி.மீ.க்குள் வந்தால் பயிற்சிப் பணிக்குப் போதும் என்று இலக்கு வைக்கலாம்.

மதிப்பீடு

செய்முறைப் பதிவேட்டில் "வைஸ் சரிசெய்யப்பட்டது" என்ற ஒரு வரியை ஏற்க வேண்டாம். தட்டுவதற்கு முன், தட்டிய பின், இறுக்கிய பின் என மூன்று நிலைகளிலும் இரு முனை அளவுகளையும் எழுதச் சொல்லுங்கள். பிறகு வெட்டிய பொருளில் பிழை தெரிந்தால், அது வைஸிலிருந்து வந்ததா, பொருளுக்கு அடியில் சிக்கிய இரும்புத் துகளிலிருந்து வந்ததா, கையிலிருந்து வந்ததா என்று மாணவரே அந்த அளவுகளை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியும். நாமும் குறைக்க வேண்டிய மதிப்பெண்ணை மட்டும் குறைப்போம்.